ஒரே அச்சில் முப்பது பம்ப்

1

நான் போட்டுக்கொடுத்த கேட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். திருச்செங்கோட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டீர்கள். இது நம் ஊர்க்காரர்கள் வாசிக்கும் மலர் என்பதால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். வேறு யாராவது வந்து சொல்லி நீங்கள் சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

கென்யாவில் நான் இருக்கும் ஊர் நைரோபியிலிருந்து கிழக்கே போகிற சாலையில் இருக்கிறது. நாமக்கல் பக்கம் மாதிரியே கரடும் செம்மண்ணும் வெயிலும். அதனால்தான் எனக்கு இங்கே பிழைப்பு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் எனக்கு ஓடுகின்றன. எத்தனை என்று எழுதினால் பெருமை பீற்றுகிறான் என்பீர்கள். எழுதாவிட்டால் விற்றுத் தின்றுவிட்டான் என்பீர்கள். ஓடுகின்றன, அது போதும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ரிக் வண்டியில் ராடு தூக்கப் போனவன் நான். இன்றைக்கு இந்த ஊரில் தண்ணீர் வேண்டும் என்றால் முதலில் என் வாசலுக்குத்தான் வருவார்கள்.

என் பேத்தி தாரணி ஆறாம் வகுப்பு படிக்கும் பள்ளிக்கு போர்வெல் போட்டுக்கொடுத்தது நான். இரும்பு கேட் என் பட்டறையில் அடித்தது. பள்ளிக் கமிட்டியில் எனக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி உண்டு. அப்படிப்பட்டவனை ஒரு காலையில் காவலாளி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினான்.

"முஜே, கோபித்துக்கொள்ளாதீர்கள். டீச்சர் உங்களை உள்ளே விடவேண்டாம் என்றார்" என்றான் சுவாஹிலியில். முஜே என்றால் பெரியவர். மரியாதையாகத்தான் நிறுத்தினான்.

"எந்த டீச்சர்?"

"அரசி டீச்சர்."

அதுதான் எனக்கு உறைத்தது. அரசி டீச்சர் நான் ஊரிலிருந்து வரவழைத்தவர். முதலிலிருந்து சொல்கிறேன்.

2

அரசி டீச்சருக்கு ராசிபுரம். தறிக்காரர் வீட்டுப் பெண். நாமக்கல் பக்கத்தில் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் பல வருடம் அறிவியல் பாடம் எடுத்தவர். இங்கே எங்கள் பள்ளிக்கு அறிவியல் டீச்சர் கிடைக்காமல் கமிட்டி தவித்தபோது, "நாமக்கல் டீச்சர் ஒருத்தரைக் கொண்டுவருகிறேன், அப்புறம் பாருங்கள்" என்று மேஜையைத் தட்டிச் சொன்னவன் நான். சொன்னபடி கொண்டுவந்தேன்.

வந்த புதிதில் அவர் பேர் ஊரெல்லாம் பரவியது. காலையில் மணி அடித்ததும் டெஸ்ட். அன்றைக்கே திருத்தி அன்றைக்கே கையில். பிள்ளைகள் ஓடிப்போய்ப் படித்தார்கள். வருடக் கடைசியில் எல்லோரும் நல்ல மார்க். கமிட்டிக் கூட்டத்தில் எனக்குக் கூடுதலாக ஒரு சமோசா வைத்தார்கள்.

அப்புறம்தான் அரசாங்கம் புதிய பொதுத் தரத்தைக் கொண்டுவந்தது. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, டவுன், காடு என்று வித்தியாசம் கிடையாது. எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல். அதில் தப்பில்லை. கெடுத்தது என்னவென்றால், மார்க்கை எடுத்துவிட்டார்கள். ரேங்க்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நான்கு படி. எதிர்பார்ப்பைத் தாண்டினார், எட்டினார், நெருங்குகிறார், கீழே இருக்கிறார். பிள்ளை தானே செய்து பார்க்க வேண்டும், தன் வார்த்தையில் சொல்ல வேண்டும், வீட்டாரும் கூடச் சேர வேண்டும். டீச்சர் அதையெல்லாம் கவனித்து எந்தப் படி என்று சொல்ல வேண்டும்.

தாரணியின் ரிப்போர்ட் வந்த அன்று என் வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல நம்ம புள்ள எத்தனாவதுங்க?"

"எத்தனாவதும் இல்ல. எட்டினார்னு போட்டிருக்குது."

"எதைய எட்டுனாளாம்? அடுப்பங்கரை அலமாரியே அவளுக்கு எட்ட மாட்டேங்குது."

அரசி டீச்சரும் அதே தடுமாற்றத்தில்தான் இருந்தார். பயிற்சி என்று மூன்று நாள் வெளியூர் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்து, "ஐயா, எல்லாம் வெளங்குதுங்க, ஆனா சோத்தை எடுத்து வாயில வெக்கிற எடம் மட்டும் வெளங்கலைங்க" என்றார். அவரோடு பயிற்சிக்கு வந்த உள்ளூர் டீச்சர்களுக்கும் அதே கதைதானாம். முப்பது வருடம் பாடம் எடுத்த ஒரு வாத்தியார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, "இனிமேல் நான் கரும்பலகையில் என்னதான் எழுதுவது?" என்று கேட்டாராம்.

3

நம் பக்கத்துப் பள்ளிகளைப் பற்றி இங்கே யாராவது குறைவாகப் பேசினால் நான் விடமாட்டேன். என் மகனை நாமக்கல் பக்கம் அப்படியொரு விடுதிப் பள்ளியில்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவோம். பள்ளி வாசலில் கார், வேன், மொபெட் என்று சந்தை மாதிரி இருக்கும். வேப்பமரத்தடியில் ஒவ்வொரு குடும்பமும் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும். அம்மாக்கள் கறிக்குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டுவார்கள். பையன்கள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாயைத் திறப்பார்கள். சோறு உள்ளே போகும், விடை வெளியே வரும். ஒரு மரத்தடியில் ஒரு பையன் வரியை ஆரம்பித்தால் அடுத்த மரத்தடியில் இன்னொருவன் முடிப்பான். புள்ளி, கமா மாறாது.

அதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெருமையில்தான். அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறென்ன வரும்? என் மகன் அங்கே படித்துத்தான் இன்ஜினியர் ஆனான். இன்றைக்கு என் ரிக்குகளை நிர்வாகம் பண்ணுகிறான். அந்தப் பள்ளிகள் இல்லையென்றால் லாரி டிரைவர் மகனும் தறிக்காரர் மகளும் டாக்டராகியிருக்க மாட்டார்கள். இதை எந்த மேடையிலும் சொல்வேன்.

ஆனால் தாரணி வேறு மாதிரி. அவள் பிறந்ததே இங்கே. சுவாஹிலி தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் அதற்கடுத்து. தமிழ் கடைசியில், அதுவும் கால் கை இல்லாமல் வரும். ஊரில் எந்தப் பேத்தியாவது தன் அப்பாருவை 'நீ' என்பாளா? இவள் சொல்வாள். கூட்டாளிகள் எதிரில் அப்பாரு என்றும் கூப்பிடமாட்டாள். சுவாஹிலியில் தாத்தாவுக்குப் பாபு என்று பெயர். "பாபு, நீ போ, நான் வரேன்" என்பாள். பக்கத்தில் நிற்கிற நம் ஊர் டிரில்லர் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொள்வார்கள். கண்டித்துப் பார்த்துவிட்டேன். அவளுக்குத் தப்பு எது என்றே தெரியவில்லை. தெரியாத பிள்ளையை எப்படி அடிப்பது?

4

முதல் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. 'தண்ணீரை மேலே ஏற்றும் ஒரு கருவியை வீட்டாரோடு சேர்ந்து செய்து வரவும்.'

தாரணி இரண்டு காலி பாட்டிலும் ஒட்டுகிற டேப் ஒன்றும் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரை மேலே ஏற்றுவதைப் பற்றி என் வீட்டில் வந்து கேட்கிறார்கள்! நேராகப் பட்டறைக்குப் போனேன். லேத்தில் பிஸ்டன் கடைந்தோம். வால்வு வைத்தோம். கைப்பிடி வைத்தோம். நீலப் பெயின்ட் அடித்தோம். ஒரு பேத்திக்கு மட்டும் செய்தால் நன்றாக இருக்காது என்று வகுப்பு முழுவதற்கும் செய்தேன், முப்பது பம்ப். பெயின்ட் காயும் முன் என் பட்டறைப் பையன் எல்லாவற்றிலும் கம்பெனி பெயரையும் போன் நம்பரையும் அச்சடித்துவிட்டான். அது அவனுக்குப் பழக்கம். எங்கள் பட்டறையிலிருந்து எது வெளியே போனாலும் நம்பரோடுதான் போகும்.

அரசி டீச்சர் ஒரு பம்ப்பின் நீலப் பெயின்ட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"புள்ளைங்க செஞ்ச மாதிரி இல்லீங்களே, ஐயா."

"அதைய உடுங்க அம்மிணி. ஒன்னாவது ஒழுகுதா பாருங்க."

ஒன்றும் ஒழுகவில்லை. அவர் அடித்து அடித்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டு, பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் கொடுத்தார். அதிகாரி வருகிறார் என்றால் நாமக்கல்லில் அப்படித்தான் செய்வார்கள். நான் குறை சொல்லமாட்டேன்.

ஆய்வுக்கு வந்தவர் மேடம் முவெண்டே. எங்கள் பகுதிப் பள்ளிகளைப் பார்வையிடுகிற அதிகாரி. குட்டையான அம்மாள், கண்ணாடி, சத்தமில்லாத செருப்பு. நான் கடைசி பெஞ்சில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பம்ப்பை எடுத்து வாளியில் வைத்து ஒரு அடி அடித்தார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவர் செருப்பில் விழுந்தது.

"அருமையான பம்ப்" என்றார். பிறகு கவிழ்த்துப் பார்த்தார். "இந்த நம்பருக்குக் கூப்பிட்டால் எனக்கும் ஒன்று கிடைக்குமா?"

"உங்களுக்கென்றால் பெரிதாகவே போட்டுத் தருகிறேன் மேடம்" என்றேன் பின்னாலிருந்து. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அது பாராட்டுச் சிரிப்பு இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு பையனை எழுப்பி, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். சொன்னான். அடுத்த பெண்ணைக் கேட்டார். அதே வரி. அடுத்து. அதே வரி, அதே இடத்தில் மூச்சு. எனக்கு நாமக்கல் வேப்பமரத்தடி ஞாபகம் வந்து நெஞ்சு நிமிர்ந்தது. மேடம் நின்றார்.

"சரி. செய்யும்போது எது சரியாக வரவில்லை?"

பிள்ளைகள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு டீச்சர் விடை எழுதிக் கொடுத்திருக்கவில்லை. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன் மெதுவாக, "எதுவும் தப்பாகவில்லை, மேடம்" என்றான். மொத்த வகுப்பும் எழுந்து நின்று சொன்னது, "எதுவும் தப்பாகவில்லை, மேடம்!"

5

மறுநாள் சாயங்காலம் அரசி டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் கருத்திருந்தது. என் வீட்டுக்காரி காபி கொடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"கீழேன்னு போட்டுட்டாங்க ஐயா. புள்ளைங்களை இல்லீங்க, என்னைய."

"அந்தம்மாளுக்குப் பம்ப்பு புடிக்கலையா?"

"பம்ப்பு புடிச்சதுனாலதானுங்க கெட்டுது. இந்த டெர்ம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வாராங்களாம். அப்பவும் கீழேன்னா, பர்மிட்டைப் புதுப்பிக்கறதுக்குப் பள்ளிக்கூடத்துல என் பேரை எழுதி அனுப்ப முடியாதாம். பேரு போகலைன்னா பர்மிட் இல்லீங்க."

பர்மிட் என்றால் வெளிநாட்டுக்காரர் இங்கே வேலை செய்ய வாங்கும் அனுமதி. அதற்கு அலைந்தவனுக்குத்தான் அருமை தெரியும். நைரோபி ஆபீசில் காலையில் போய் நின்றால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண், "சிஸ்டம் டௌன்" என்பாள். சங்ககிரியில் வண்டிக்கு எஃப்.சி. வாங்கப் போனபோது கேட்ட அதே வார்த்தை. கடல் தாண்டியும் சிஸ்டம் எழுந்திருக்கவில்லை.

"நான் கமிட்டியில பேசறேன்" என்றேன். "என் பேச்சைத் தட்டுவாங்களா?"

அரசி டீச்சர் காபியைக் கீழே வைத்தார்.

"நீங்க பேச வேண்டாமுங்க, ஐயா. நீங்க எதுவுமே பண்ண வேண்டாமுங்க. ஊட்டுக்காரரு தறியை ஒப்படைச்சுப்போட்டு இங்க வாரதுக்குத் துணிமணி கட்டி வெச்சிருக்காருங்க. நாமக்கல்லுல அத்தனை வருசம் பாடம் எடுத்தவ, கென்யாவுல ஃபெயிலுன்னு போயி ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கோணுமுங்களா? உங்க கையை மட்டும் எடுத்துக்குங்க. அது போதும்."

என் முகத்துக்கு நேராக இந்த ஊரில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் பதில் தேடுவதற்குள் என் வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லு சாமி. நானு கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து சொல்லோணும்னு நெனச்சிட்டு இருக்கறது அது."

கேட்டில் என்னை நிறுத்தியது அதற்கடுத்த வாரம். சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். வண்டியில் ஒரு கட்டு நல்ல பைப் இருந்தது உண்மைதான்.

6

கேட்டுக்கு வெளியே இருந்ததால் இனி எழுதுவதெல்லாம் தாரணி சொல்லியும் டீச்சர் பிறகு சொல்லியும் எனக்குத் தெரிந்தது. எதையும் கூட்டவில்லை.

அரசி டீச்சர் காலை டெஸ்ட்டை விடவில்லை. மற்ற டீச்சர்கள், "புதிய தரத்தில் டெஸ்ட்டே கிடையாது, இன்னும் எதற்கு?" என்றார்களாம். இவர் கேட்கவில்லை. கேள்வியை மட்டும் மாற்றினார். பம்ப்பைப் பிள்ளைகளே பாட்டிலும் டேப்பும் வைத்து வகுப்பில் செய்யவைத்தார். மறுநாள் காலை ஒரே கேள்வி. 'நேற்று நீ செய்ததில் எது சரியாக வரவில்லை, ஏன்?'

பிள்ளைகள் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், தப்புக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டாளாம். முதல் பெஞ்சுப் பையன் எழுத ஆரம்பித்தான். டேப் லூசாக இருந்தது, தண்ணீர் வெளியே வந்துவிட்டது என்று எழுதினான். அவன் எப்போதும் முதலாவதாக வருகிற பையன். கொஞ்ச நேரத்தில் முப்பது தாளிலும் டேப் லூசாக இருந்தது. டேப்பே ஒட்டாமல் கயிறு கட்டியவனுக்கும் டேப்தான் லூசு.

இதைச் சொல்லும்போது டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடையைத்தான் காப்பியடிப்பாங்கன்னு நெனச்சேனுங்க. தப்பையும் அடிக்கறாங்க. நான் அப்படித்தானுங்க பழக்கி வெச்சிருக்கேன். நல்லாக் கேள்வி கேப்பேன்னு எனக்கு ஒரு நெனப்பு. ரோசனை பண்ணிப் பார்த்தா, வேலைக்கு வந்ததுல இருந்து எனக்கு விடை தெரிஞ்ச கேள்வி மட்டுந்தானுங்க கேட்டிருக்கேன். தெரியாததைக் கேக்கறதுக்கு மொத நாளு நாக்கு எழலைங்க."

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. என் பட்டறைக்கு ஆள் அனுப்பினார். கழிவுச் சாமான் வேண்டும் என்று.

கழிவா? நான் கொடுத்தால் புதிதுதான் கொடுப்பேன். ஒரே அளவில் வெட்டி, முனை தேய்த்து, முப்பது பைப் துண்டு அனுப்பினேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் டீச்சரே பட்டறைக்கு வந்து, மூலையில் கிடந்த குப்பையைத் தானே கிளறினார். வெடித்த ஹோஸ், கோணின பைப், சைக்கிள் டியூப், மூடி பொருந்தாத பாட்டில், எங்கள் கம்ப்ரஸரில் தேய்ந்துபோன ரப்பர் வளையம்.

"ஏனுங்க அம்மிணி, இதுல செஞ்சா எதுவுமே ஒழுங்கா வராதே?"

"அதுக்குத்தானுங்க. ஆளுக்கொரு சாமான். ஒருத்தன் பம்ப்பு மாதிரி இன்னொருத்தன் பம்ப்பு கெட்டுப்போகாதுங்க. இனி பக்கத்துல எட்டிப் பார்த்தா என்ன கெடைக்கும்?"

எனக்கு அந்தக் கணக்குப் பிடித்துவிட்டது. குப்பையை நானே வண்டியில் ஏற்றினேன். பட்டறையிலேயே மோசமான சாமானாகப் பொறுக்கிக் கொடுத்தேன். அந்த வட்டாரத்தில் என்னைப் போலத் தரமான குப்பை கொடுக்க வேறு ஆள் கிடையாது.

அதன்பிறகு காலை டெஸ்ட்டில் முப்பது தாளில் முப்பது விதமான தப்பு. டீச்சர் வழக்கம்போல அன்றைக்கே படித்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்தார். மார்க் போடவில்லை. 'அப்புறம் என்ன செய்து பார்த்தாய்?' என்று மட்டும் கீழே கேட்டிருப்பார். தாரணி சாப்பிடும்போதும் அதையே பேசினாள். "அப்பாரு, காத்துக்குக் கண்ணு இருக்கா? எங்க ஓட்டைன்னு அதுக்கு எப்படித் தெரியுது?" என்றாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. என் வீட்டுக்காரி கரண்டியைக் காட்டினாள். சோற்றை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

7

இரண்டாம் ஆய்வுக்கு முந்தின நாள் அரசி டீச்சரே எனக்குப் போன் பண்ணினார்.

"ஐயா, நாளைக்கு நீங்க வரோணுமுங்க."

"பார்த்தீங்களா அம்மிணி, கடைசியில என்னைத்தானே கூப்பிடறீங்க."

"நான் கூப்பிடலீங்க. மேடம் கூப்பிடறாங்க. வீட்டாரு எப்படிச் சேர்றாங்கன்னு பாக்கோணுமாம். ஒரு புள்ளையோட ஊட்டுல இருந்து ஒருத்தரு கூட உக்காரோணும். அவங்களே சீட்டுக் குலுக்கிப் பேரு எடுத்தாங்க. தாரணி பேரு வந்துருச்சு. அவ அப்பாவை அனுப்பச் சொல்லலாம்னு பாத்தேன். அவரு நைரோபியில இருக்காருன்னு சொல்லிட்டாங்க."

"நான் இருக்கறேன். பயப்படாதீங்க."

"நீங்க இருக்கறதுதானுங்க பயமே. கையை வெச்சுப்போட்டீங்கன்னா நான் பஸ் ஏறோணும்."

காலையில் கேட் திறந்தே இருந்தது. வகுப்பில் தாரணி பக்கத்தில் சின்ன பெஞ்ச். முழங்கால் தாடையை இடித்தது. மேடம் முவெண்டே எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அரசி டீச்சர் சுவரோரம் நின்றார். கையில் சாக்பீஸ் கூட இல்லை.

தாரணியின் பம்ப் ஒரு சோடா பாட்டில், கோணின ஹோஸ், வால்வுக்கு ஒரு கோலிக்குண்டு. மூட்டில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தாள். வாளியில் இறக்கி அடித்தாள். கொர் கொர் என்றது. தண்ணீர் வரவில்லை. மறுபடி அடித்தாள். கொர் கொர்.

முதல் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடிக்குக் கீழே டியூப் மடிப்பில் காற்று இழுக்கிறது. கட்டைவிரலை அங்கே அழுத்தினால் அடுத்த அடியில் தண்ணீர். ஒரே ஒரு கட்டைவிரல். ஆயிரம் அடிக்குக் கீழே ராடு முறிந்தால் கம்பியில் கை வைத்தே சொல்கிறவன் நான். என் கை தானாக எழுந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

மேடம் தாரணியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாரணி திரும்பினாள். "பாபு?"

நான் தகரக் கூரையைப் பார்த்தேன். அதில் ஆணி எப்படி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மோசமாக அடித்திருந்தார்கள். சுவரோரம் அரசி டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் விடை தெரியும். வாயைத் திறக்கவில்லை. அந்த வகுப்பில் விடை தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் சும்மா இருந்தோம். என் வாழ்க்கையில் அத்தனை கஷ்டமான வேலை பார்த்ததில்லை.

தாரணி பம்ப்பைக் காதில் வைத்துக் கேட்டாள். விரலை வாளியில் நனைத்து மூட்டைச் சுற்றித் தடவிக்கொண்டே கைப்பிடியை இழுத்தாள். ஓரிடத்தில் நின்றாள். டியூப்பை அவிழ்த்தாள். மறுபடி இழுத்துச் சுற்றினாள். அடித்தாள். நுரை வந்தது. இன்னும் அடித்தாள். கொஞ்சம் தண்ணீர் குபுக்கென்று வந்து பெஞ்சில் விழுந்தது. மூட்டிலும் சொட்டியது.

"இன்னும் ஒழுகுகிறதே" என்றார் மேடம்.

"ஒழுகும்" என்றாள் தாரணி. "டியூப் சின்னது. நாளைக்குப் பெரிதாக வெட்டுவேன். ஆனால் தண்ணீர் ஏன் வரவில்லை என்று தெரியும். நான் தண்ணீரை இழுப்பதாக நினைத்தேன். காற்றுக்கு இந்த வழி சுலபமாக இருந்தது, அது முதலில் வந்துவிட்டது."

"யார் சொல்லிக்கொடுத்தது?"

"யாரும் இல்லை. இவர் சும்மாவே உட்கார்ந்திருந்தார்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "முஜே, உங்களுக்குத் தெரிந்திருந்ததா?"

"பார்த்ததுமே தெரிந்தது மேடம். இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத ஒழுக்கு கிடையாது" என்றேன். "ஆனாலும் தொடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் சத்தமாகச் சிரித்தார். இந்தத் தடவை நல்ல சிரிப்பு. பிறகு அரசி டீச்சரிடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனைக் காட்டி, இவன் எங்கே இடறுகிறான் என்று கேட்டார். டீச்சர் யோசிக்கவே இல்லை. வால்வு எதற்கு என்று தெரியும், எந்தப் பக்கம் திறக்கும் என்பதில் இரண்டு நாளாகக் குழம்புகிறான் என்றார். ஜன்னலோரப் பெண்ணைக் காட்டினார். கை நன்றாக வரும், சொல்லக் கூச்சப்படுவாள், படம் போடச் சொன்னால் சொல்லிவிடுவாள் என்றார். மேடம் அந்தப் பெண்ணிடம் சாக்பீஸைக் கொடுத்துப் பலகையைக் காட்டினார். அவள் படம் போட்டாள், போட்டுக்கொண்டே பேசினாள்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"தினமும் காலையில் கேட்கிறேன். அன்றைக்கே படித்துவிடுவேன். எங்கள் ஊர்ப் பழக்கம்" என்றார் அரசி டீச்சர்.

மேடம் முவெண்டே எழுந்தார். "உங்கள் பெயரைப் பள்ளி அனுப்பலாம். அடுத்த பருவத்தில் மற்ற பள்ளி ஆசிரியர்களை இந்த வகுப்புக்கு அழைத்து வருகிறேன். அவர்கள் பார்க்க வேண்டும். முன்தயாரிப்பெல்லாம் செய்யவேண்டாம்."

அரசி டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் ஒரு தடவை ஒற்றிக்கொண்டு வகுப்புப் பக்கம் திரும்பி, "அடுத்து யார்?" என்றார்.

முதல் பெஞ்சுப் பையன் தன் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வாளிக்கு வந்தான். அடித்தான். அது ஐந்து இடத்தில் பீய்ச்சியது, என் சட்டை நனைந்தது. என்னை எழுந்து போகும்படி யாரும் சொல்லவில்லை. மத்தியானம் மணி அடிக்கும்வரை அந்தப் பெஞ்சிலேயே இருந்தேன், கைகள் தொடைக்கு அடியில்தான்.